மனித உருவச் சிற்பம் செய்ய எப்படிப் பயிற்சி எடுப்பது? ஒரு சிலை எப்படி உருவாகிறது?

முகத்தில் தொடங்காதீர்கள். புதிதாகக் களிமண் எடுப்பவர்கள் நேராகக் கண், மூக்கு, உதடு என்று போய்விடுகிறார்கள். பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று முதலில் பாருங்கள். அந்தப் பக்கம் இடுப்பு ஏறும், அதே பக்கத் தோள் தாழும். இது பிடிபட்டால் முகமே செய்யாத உருவமும் நிற்கும்.

நான் படித்தது சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில், சிற்பப் பிரிவு. 1929-ல் அங்கே பொறுப்பேற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்ததுதான் மெரினாவின் உழைப்பாளர் சிலை (1959). அந்த நால்வரின் முகத்தையும் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள், பாறையின் கனம் அப்படியே தெரியும். வகுப்பில் மாடலைச் சுற்றிச் சுற்றி வந்து வரைவோம். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டுதான் அங்கும் முக்கியமான கருவி: கழுத்துக் குழிக்கு நேர்கீழே எந்தக் கணுக்கால் வருகிறது என்று அது காட்டிக்கொடுக்கும்.

ஸ்தபதிகளின் வழி வேறு. முக நீளம் ஒரு தாளம், நவதாளம் என்றால் உருவத்தின் முழு உயரம் அதுபோல் ஒன்பது. மாமல்லபுரம் கல்லூரியில் அந்த மரபைக் கற்கலாம். எங்களுக்கு எதிரே இருக்கும் ஆள்தான் அளவு. ஒன்றை உயர்த்தி மற்றதை மட்டம் தட்டுகிறவர்கள் கிருஷ்ணாபுரம் போய்ப் பார்க்க வேண்டும். திருச்செந்தூர் சாலையில், நெல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது வெங்கடாசலபதி கோயில். நாயக்கர் காலத் தூணில் இளவரசனைத் தோளில் தூக்கிப் போகிறாள் ஒரு குறத்தி. சுமக்கிற உடம்பைப் பற்றி எனக்கு அவளை விடச் சொல்லித் தந்தவர் யாரும் இல்லை.

இப்போது பீடி சுற்றும் ஒரு ஆச்சியைச் செய்துகொண்டிருக்கிறேன், முக்கூடல் பக்கம். மடியில் சுளகு, குனிந்த கழுத்து. எத்தனையோ வருட வேலை அவர் பிடரி எலும்பில் துருத்திக்கொண்டு நிற்கிறது. "என்னல, மூஞ்சியப் பாக்காம முதுகையே பாத்துக்கிட்டு இருக்க?" என்றார். அந்த முதுகுதான் சிலையே, ஆச்சி.

முதலில் கையடக்க மண் மாதிரிகள். அதில் ஒன்று தேறியதும் இரும்புக் கம்பியில் எலும்புக்கூடு. ஈர மண் சரியாமலிருக்கச் சிறு மரக்கட்டைகளைக் குறுக்காகக் கட்டித் தொங்கவிடுவோம். மண், காருகுறிச்சிப் பக்கம் பானை செய்கிறவர்களிடம் வாங்குவது. தினமும் ஈரத்துணி சுற்றி வைக்காவிட்டால் வெடித்துவிடும்.

முடிந்ததும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு. முதல் பூச்சில் கொஞ்சம் காவிப் பொடி கலப்போம், அதற்கு மேல் கனமாக வெள்ளை. காய்ந்த பின் உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட்டு வார்ப்போம். பிறகு அச்சை உளியால் உடைக்கும்போது காவி தெரிந்தால் உருவம் நெருங்கிவிட்டது, கையை மெதுவாக்க வேண்டும். வெண்கலம் எட்டாத விலை என்பதால் பலரும் ஃபைபரில் வார்க்கிறோம். எனக்குப் பிடித்தது சுடுமண். ஆனால் அதற்குள் கம்பி வைக்கக் கூடாது. காயும்போது மண் சுருங்கும், இரும்பு சுருங்காது, பிளந்துவிடும். உள்ளே குடைந்து, எங்கும் ஒரே கனமாக்கி, நிழலில் மெல்லக் காயவிட வேண்டும்.

பிளஸ் டூவுக்குப் பிறகு சென்னையிலும் கும்பகோணத்திலும் நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. சேர்க்கையின்போது வரைந்து காட்டச் சொல்வார்கள். அதனால் ஒரு நோட்டு வாங்கி, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து வரைய ஆரம்பியுங்கள்.