அழகாக இருக்கிறது, யாரிடம் சொல்ல?

கேள்வி: என் அப்பா இறந்து எட்டு மாதமாகிறது. சின்ன வயதிலிருந்தே மாலையில் என்னைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போவார். மேகம், பறவை, நட்சத்திரம் என்று எதைக் கண்டாலும் நின்று காட்டுவார். அம்பு முனை வடிவில் பறவைகள் போனால், "முன்னால் போகிறதே, அதுதான் தலைவன்" என்பார். போன வாரம் அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததும் அப்பாவிடம் சொல்ல போனை எடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அன்றிலிருந்து நடக்கப் போகவே பிடிக்கவில்லை. மழை வாசனை வந்தாலே அழுகை வருகிறது. எப்போதாவது என்னை மறந்து வானத்தை ரசித்துவிட்டால், அப்பா போன பிறகு எனக்கென்ன ரசனை என்று மனசு குத்துகிறது. "பழசையே நினைக்காதே, மறக்கப் பழகு" என்கிறார் கணவர். எப்படி மறப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மறக்க வேண்டாம்.

உங்கள் கணவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். அவர் சொல்வதற்குப் பின்னால் பெரிய ஆளே இருக்கிறார். இறந்தவரிடமிருந்து மனதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துக்கொள்வதுதான் துக்கத்தின் வேலை என்று உளவியல் மேதை சிக்மண்ட் ஃபிராய்ட் 1917-ல் வெளியான கட்டுரையில் எழுதினார். மூன்றே ஆண்டுகளில், 1920-ல், அவருடைய மகள் சோஃபி இறந்துபோனார். 1929-ல், மகள் இருந்திருந்தால் 36 வயது நிறைந்திருக்கும் நாளில், ஃபிராய்ட் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். அந்த இடத்தை எதுவும் நிரப்பாது, அப்படி இருப்பதுதான் சரி என்ற பொருளில் போகிறது அது. துக்கத்தைப் பற்றி எழுதிய அறிஞரும் மகளை இழந்த அப்பாவும் ஒரே ஆள்தான். எனக்கு அந்த அப்பா சொன்னதில்தான் நம்பிக்கை. 1996-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் சொன்னதும் அந்தப் பக்கம்தான்: இறந்தவரோடு நமக்குள்ள உறவு அறுந்துபோவதில்லை, வேறு விதமாகத் தொடர்கிறது, அது நோயும் அல்ல.

இப்போது அந்த போன் விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த இடத்தைத்தான். பறவைகளைப் பார்த்ததும் உங்களுக்கு முதலில் வந்தது அழுகை இல்லையே, சந்தோஷம்தானே? அடுத்த நொடி, சொல்ல ஆள் இல்லை என்பது தெரிந்தபோதுதான் வலித்தது. வானத்தின் மேல் உங்களுக்கு எந்தக் கசப்பும் வந்துவிடவில்லை. பார்ப்பதில் பாதி சுகம் சொல்வதில் இருந்திருக்கிறது, அந்தப் பாதி போய்விட்டது. அதற்காக நடப்பதை நிறுத்தினால், மிச்சமிருக்கிற பாதியையும் நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள்.

சொல்வதை நிறுத்தாதீர்கள். ஒரு நோட்டு வாங்கி அதில் எழுதுங்கள். 'அப்பாவின் நினைவுகள்' என்று தலைப்பெல்லாம் போட்டு உட்காராதீர்கள், கை ஓடாது. "அப்பா, இன்றைக்குப் பார்த்தது" என்று ஆரம்பித்து இரண்டு வரி போதும். சண்டையும் போடலாம். அந்தத் 'தலைவன்' கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். இடம்பெயர்ந்து பறக்கும் அரிவாள்மூக்கன் இனப் பறவைகளின் முதுகில் சின்னக் கருவிகளைப் பொருத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. முன்னால் பறப்பதில்தான் அதிக உழைப்பு, பின்னால் வருவதற்கு முன்னதன் சிறகு கிளப்பும் காற்று கைகொடுக்கிறது. அதனால் அவை ஜோடி ஜோடியாக இடம் மாற்றிக்கொண்டு, முன்னால் போகிற நேரத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. அங்கே நிரந்தரத் தலைவன் யாரும் இல்லை. அப்பா சொன்னது தப்பு! இதை அவருக்கு எழுதுங்கள். அவர் என்ன சமாளிப்புச் சொல்லியிருப்பார் என்பதும் உங்களுக்குத் தெரியும், அதையும் எழுதுங்கள்.

மழை வாசனைக்கு அழுவதில் ஆச்சரியமே இல்லை. மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் அந்த மணத்தில் முக்கியப் பங்கு வகிக்கிறது. காற்றில் அது மிகமிகக் கொஞ்சம் கலந்திருந்தாலே நம் மூக்கு பிடித்துவிடும். பார்ப்பதும் கேட்பதும் மூளைக்குள் ஓர் இடைநிலையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசனைக்கோ உணர்ச்சியும் நினைவும் இருக்கிற பகுதிகளுக்கு நேர்வழி உண்டு. நீங்கள் யோசிப்பதற்குள் அப்பா வந்து நின்றுவிடுவார். அழுகை வந்தால் அழுங்கள், அதற்காக ஜன்னலைச் சாத்த வேண்டாம்.

அடுத்தது குற்ற உணர்வு. துக்கத்தில் இருப்பவர்கள் இழப்புக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் நடுவே மாறி மாறிப் போய் வருகிறார்கள் என்று நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் விளக்கினார்கள். காலையில் அழுகை, மாலையில் வானம் என்பது துரோகம் இல்லை, இந்தப் போக்குவரத்துதான். வேறொன்றையும் யோசித்துப் பாருங்கள். உங்களை நிறுத்தி நிறுத்திக் காட்டிய மனிதர், நீங்கள் தலையைக் குனிந்தபடி நடப்பதையா விரும்பியிருப்பார்? அவர் காட்டாத எதையாவது நீங்களாகவே கண்டுபிடிக்கிற நாளும் வரும். அன்றைக்கும் மனசு கொஞ்சம் குத்தும். குத்தட்டும், பாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். நீடித்த துக்கத்தை மருத்துவர்கள் தனியாகக் கவனிக்கிறார்கள். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் அதற்கு ஆறு மாதம் என்று குறைந்தபட்சக் கணக்கு வைத்திருக்கிறது. எட்டு மாதம் ஆகிவிட்டதே என்று பதற வேண்டாம், காலண்டரை மட்டும் வைத்து அவர்கள் முடிவு செய்வதில்லை. தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் நின்றுபோய், நாள் முழுக்க ஏக்கம் ஒன்றே மிஞ்சினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படித் தெரியவில்லை. ஆனால் நடையை நிறுத்தியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவோடு போன வழி கஷ்டமாக இருந்தால் வேறு வழியில், பத்து நிமிடம் போய் வாருங்கள்.

கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மறக்கச் சொல்கிறவருக்கு, எதை மறக்கச் சொல்கிறோம் என்பது சரியாகத் தெரியாமல் இருக்கலாம். அப்பா எங்கே நிற்பார், என்ன சொல்வார் என்று அவருக்குக் காட்டுங்கள். பறவைகளைப் பற்றி ஒன்றுமே தெரியாத மனிதராக இருந்தால் இன்னும் நல்லது, உங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.