பதில்: வேகம் அதே 101, நேரம் மட்டும் 13.9-லிருந்து 14.3

கால் மைல் டிராக் ரேஸ்ல (நின்ன இடத்துலிருந்து நேரா ஓட்டுற பந்தயம்) முடிவு வேகம் அப்படியே இருக்கு, நேரம் மட்டும் 13.9 விநாடியிலிருந்து 14.3 ஆயிடுச்சு, ஏன்னு கேட்டிருந்தீங்க. இன்ஜினைக் கழட்டாதீங்க. கால் மைல் முடிவில் மணிக்கு 101 மைல் வேகம் குறையவே இல்லைன்னா பவர் அப்படியேதான் இருக்கு. நேரம் போனது கிளம்புற இடத்துல.

பச்சை விளக்குக்கு லேட்டா கிளம்பினதாலயான்னும் கேட்டிருந்தீங்க. இல்லை. சக்கரம் தொடக்கக் கோட்டுல இருக்கிற ஒளிக்கதிரை விட்டு விலகினதும்தான் ஓட்ட நேரம் ஓட ஆரம்பிக்கும். ரியாக்‌ஷன் டைம் (பச்சை விழுந்ததும் நீங்க கிளம்ப எடுக்கிற நேரம்) அதுல சேராது. பச்சை விழுந்து டீ குடிச்சிட்டுக் கிளம்பினாலும் அதே நேரம்தான் வரும் (பந்தயத்துல தோத்துருவீங்க, அது வேற).

ரெண்டு ஓட்டத்தோட நேரச் சீட்டையும் பக்கத்துல வெச்சு 60 அடி நேரத்தை (முதல் 60 அடியைக் கடக்க எடுத்த நேரம்) பாருங்க. அங்க 0.1 விநாடி போனா கடைசியில கிட்டத்தட்ட 0.15 முதல் 0.2 வரை போகும். 2.1 இருந்தது 2.35 ஆகியிருந்தா உங்க 0.4-க்குக் கணக்கு சரியாப்போச்சு. பெரும்பாலும் டயர் வழுக்கியிருக்கும்.

அடுத்த ஓட்டத்துல கிளம்புற ஆர்பிஎம்மை (இன்ஜின் சுத்துற வேகம்) கொஞ்சம் இறக்குங்க. வேற எதையும் மாத்தாதீங்க. ரெண்டை ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது. அப்புறம் டயர் காத்து. சாதா ரோட்டு டயர்ல ரொம்ப இறக்கினா அந்த வேகத்துல வண்டி அலையும், ஆபத்து.

60 அடி நேரம் மாறலைன்னா நான் சொன்னது பொருந்தாது. அப்போ நடுவுல, கியர் மாத்துற இடத்துல தேடுங்க. வெயில், ஈரக்காத்து காரணம்னா முடிவு வேகமும் சேர்ந்து குறைஞ்சிருக்கும்.