சிறகிலுள்ள கண்ணும் காலின் பரம்பரையலகும்

மதிப்புக்குரிய ஐயா,

பூச்சிகளின் கூர்ப்பைப் பற்றித் தாங்கள் எழுதியதை, உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் மகளுடன் சேர்ந்து வாசித்தேன். எங்கள் வளவுக்கு வரும் வண்ணத்துப்பூச்சியின் செம்மஞ்சள் சிறகில் கண்ணைப் போன்ற பெரிய வட்டங்கள் உள்ளன. அதன் மூதாதையருக்கு அவை இருக்கவில்லையெனில், அவற்றை ஆக்கும் பரம்பரையலகுகள் (மரபணுக்கள்) புதிதாகத் தோன்றியிருக்க வேண்டுமல்லவா? பரம்பரையலகுகளில் நேரும் மாற்றங்களான விகாரங்களில் பல கேடு செய்பவை என்றுதான் படித்திருக்கிறோம். அவற்றிலிருந்து இத்தனை ஒழுங்கான அமைப்பு எவ்வாறு வந்தது என்று மகள் கேட்கிறாள்.

வாசகர், உப்புவெளி

அன்புள்ள நண்பருக்கு,

புதிய அமைப்புக்குப் புதிய பரம்பரையலகு கட்டாயம் தேவை என்றில்லை. பழைய பரம்பரையலகு புதிய இடத்தில், புதிய வேளையில் செயற்படத் தொடங்கினாலே போதும். இதை மிகத் தெளிவாகக் காட்டியவை நீங்கள் குறிப்பிடும் கண்வட்டங்களே.

உங்கள் வளவுக்கு வருவது யூனோனியா அல்மானாவாக இருக்க வேண்டும். அதன் உறவினமான யூனோனியா சீனியா வட அமெரிக்காவில் வாழ்கிறது. கூட்டுப்புழுப் பருவத்தின் தொடக்கத்தில், கண்வட்டம் தோன்றவிருக்கும் இடத்தின் நடுவிலுள்ள சிறு கலத்தொகுதியைச் சுட்டு அழித்தால் வட்டம் உருவாகாமற் போவதையும், அக்கலங்களைப் பெயர்த்துச் சிறகின் வேறிடத்தில் ஒட்டினால் அங்கே வட்டம் உருவாவதையும் பிரெடெரிக் நைஹவுட் 1980இல் இந்த இனத்திலேயே காட்டினார். அந்த நடுக்கலங்களில் டிஸ்டல்-லெஸ் என்னும் பரம்பரையலகு செயற்படுவதை 1994இல் ஷோன் கரோலின் குழு கண்டது. இது பழ ஈயில் பழுதடைந்தால் கால்களின் நுனிப்பகுதி வளராது. சிறகுக் கண்கள் ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியவை; டிஸ்டல்-லெஸ்ஸோ பூச்சியினத்தையே விட மூத்தது.

மகளின் கேள்விக்கான விடை இங்கேதான் உள்ளது. டிஸ்டல்-லெஸ் ஆக்கும் புரதம், வேறு பல பரம்பரையலகுகளை இயக்குவது. அந்தப் புரதத்தையே ஒரு விகாரம் கெடுத்தால் கால், உணர்கொம்பு எல்லாம் சேர்ந்து பாதிக்கப்படும். ஆனால் பரம்பரையலகு எந்தக் கலங்களில், எப்போது செயற்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கட்டுப்பாட்டுப் பகுதிகள் அதன் அருகே தனியாக உள்ளன. அவற்றுள் ஒன்றில் நேரும் மாற்றம், புரதத்தைத் தொடாமலே, அது செயற்படும் இடத்தை மட்டும் மாற்றக்கூடும். எல்லா விகாரமும் ஒரே அளவில் கேடு செய்வதில்லை என்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இந்த விளக்கம் அழகானது, ஆயினும் முழுமையானதன்று. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் சூர்ய நாராயணன் முருகேசனும் அன்டோனியா மொன்டேரோவும் உள்ளிட்ட குழு 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஆபிரிக்க வண்ணத்துப்பூச்சியான பைசைக்ளஸ் அனினானாவில் டிஸ்டல்-லெஸ்ஸின் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதியைச் சிதைத்தபோது, கண்வட்டங்களுடன் கால்களும் உணர்கொம்புகளும் பாதிக்கப்பட்டன. அதாவது, சிறகுக்கெனத் தனியொரு கட்டுப்பாட்டுப் பகுதி புதிதாக ஏற்படாமல், உணர்கொம்பையும் காலையும் உருவாக்கிவந்த பரம்பரையலகு வலையமைப்பே தன் பழைய கட்டுப்பாட்டுப் பகுதிகளுடன் சிறகிலும் இயங்கத் தொடங்கியிருக்கிறது. என்னை மிகவும் ஈர்ப்பது இந்த முடிவுதான். ஒன்றோடொன்று இயைந்து செயற்படும் பரம்பரையலகுகள் கூட்டமாகவே பெயர்ந்து வந்திருப்பதால், அந்த ஒழுங்கு ஒவ்வொரு படியாகப் புதிதாக அமைய வேண்டியிருக்கவில்லை.

வண்டுகளிலும் இவ்வாறே. சில சாணி வண்டுகளின் முதல் மார்புத் துண்டத்திலுள்ள கொம்பு, சிறகை ஆக்கும் பரம்பரையலகுகளைக் கொண்டு வளர்வதை ஆர்மின் மொசெக்கின் குழு 2019இல் காட்டியது. பூச்சிகளின் அந்தத் துண்டத்தில் இன்று சிறகே இல்லை என்பதை நினைத்தால் இதன் வியப்புப் புரியும். நம் தென்னைகளைத் துளைக்கும் கருவண்டின் கொம்பு தலையிலுள்ளது. அதை இதனுடன் சேர்த்து எண்ண வேண்டாம்.

இருக்கும் பரம்பரையலகுகளின் பயன்பாடு ஓர் உயிரியின் வாழ்நாளுக்குள்ளேயே மாறுவதையும் மகள் காணலாம். பைசைக்ளஸ் புழுக்களை 27 பாகை செல்சியசில் வளர்த்தால் பெரிய கண்வட்டங்களும், 17 பாகையில் வளர்த்தால் சிறியவையும் வரும். உங்கள் வளவு வண்ணத்துப்பூச்சிக்கும் இரு பருவ வடிவங்கள் உண்டு. வறள்கால வடிவத்தின் கீழ்ப்புறம் கண்கள் மங்கிக் காய்ந்த இலையை ஒத்திருக்கும். குளக்கரையிலும் வயலோரத்திலும் நிற்கும் நீர்முள்ளி அதன் புழுக்களின் உணவுச் செடிகளுள் ஒன்று. கோடையில் சிலவற்றையும் மாரியில் சிலவற்றையும், சிறகை மூடி அமர்ந்திருக்கும்போது படமெடுத்து, கீழ்ப்புறக் கண்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். படங்களை எனக்கும் அனுப்பினால் மகிழ்வேன்.