ரப்பர் கொடுத்து அரிசி வாங்கிய இலங்கை

கேள்வி: வல்லரசுகள் மோதிக்கொள்ளும்போது வளரும் நாடுகளால் உண்மையிலேயே சுதந்திரமான வெளியுறவுக் கொள்கையைக் கடைப்பிடிக்க முடியுமா?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: முடியும், ஆனால் அதற்குக் கொள்கைப் பிடிப்பைக் காட்டிலும், வல்லரசுக்குத் தேவையான ஏதோ ஒன்று அந்த நாட்டின் கையில் இருப்பதே பெரிதும் துணைசெய்கிறது. 1952-இல் இலங்கையும் சீனாவும் செய்துகொண்ட ரப்பர்–அரிசி ஒப்பந்தத்தையே இதற்குச் சான்றாகக் கூறுவேன்.

கொரியப் போரின் தொடக்கத்தில் உச்சத்துக்குப் போன ரப்பர் விலை விரைவிலேயே சரிந்தது. அதே காலத்தில் அரிசியோ கிடைப்பதற்கு அரிதாகி விலை ஏறியது. உண்ணும் அரிசியில் பெரும்பகுதியை இறக்குமதி செய்துவந்த இலங்கையில் அப்போது ஆட்சியிலிருந்தது டட்லி சேனநாயக்கவின் அரசு. மேற்கு நாடுகளின் பக்கம் சாய்ந்த, பொதுவுடைமையை எதிர்த்த அந்த அரசு முதலில் அமெரிக்காவிடம்தான் பேசிப் பார்த்தது. கட்டுப்படியாகும் விலை அமையவில்லை. கொரியப் போரில் இறங்கிய சீனாவுக்குப் போருக்கு உதவும் பொருள்களை விற்கக் கூடாதென 1951-இல் ஐ.நா. பொதுச்சபை பரிந்துரைத்த தடையால் அந்நாட்டுக்கு ரப்பர் கிடைப்பது கடினமாகியிருந்தது. வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க முன்னின்று முடித்த ஒப்பந்தப்படி, ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் இலங்கை 50,000 டன் ரப்பரை அனுப்ப, சீனா 2,70,000 டன் அரிசியை அனுப்பும். ரப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாகவும் அது கொடுத்தது.

இதன் விளைவாக அமெரிக்கப் பொருளாதார உதவி 1956 வரை இலங்கைக்கு மறுக்கப்பட்டது. ஆயினும் அரசு பின்வாங்கவில்லை. 1955-இல் ஆசிய–ஆப்பிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாட்டில், சீனாவின் கூட்டாளியான சோவியத் ஒன்றியம் கிழக்கு ஐரோப்பாவின் மீது செலுத்திய ஆதிக்கத்தை, டட்லிக்குப் பின் பிரதமரான ஜோன் கொத்தலாவல வெளிப்படையாகக் கண்டித்தார் என்பதையும், அப்போதும் ரப்பர் சீனாவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவ்வளவு துணிவு அந்த அரசுக்கு வந்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

2022-இல் நிலைமை வேறு. அவ்வாண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்த இலங்கை, ஆகஸ்டில் தன் தெற்குத் துறைமுகமான அம்பாந்தோட்டைக்கு வரவிருந்த, செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் கண்காணிக்கவல்ல சீன ஆய்வுக் கப்பல் யுவான் வாங் 5-இன் வருகையை, இந்தியாவின் கவலைக்கு இணங்கித் தள்ளிவைக்கக் கோரியது. சில நாள்களிலேயே அனுமதியும் அளித்தது. பன்னாட்டு நாணய நிதியத்தின் கடனைப் பெறுவதற்கு ஏற்கெனவே கடன் கொடுத்திருந்த இந்தியா, சீனா ஆகிய இரு நாடுகளும் அந்தக் கடனைத் தளர்த்துவதாகத் தரும் உறுதிமொழியும் அதற்குத் தேவைப்பட்ட காலம் அது. பிறகு 2024-இல், எந்த நாட்டின் பெயரையும் குறிப்பிடாமல், வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்கள் அனைத்துக்கும் ஓராண்டுத் தடை விதித்தது. ஒருவரைப் பகைக்காமல் மற்றவரைத் தவிர்ப்பதற்கு, கடன்பட்ட அந்நாட்டிடம் எஞ்சியிருந்த வழி அதுதான்.