‘வேர்ஆஸ்’ – கடிதம்

அன்புள்ள ஐயா,

பாலக்கோட்டிலிருந்து தர்மபுரிக்குப் போய் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். இரண்டை வேறுபடுத்திக் காட்டும் ‘வேர்ஆஸ்’ (whereas) என்ற சொல்லால் ஒரு வாக்கியத்தைத் தொடங்கியிருந்தேன், பேராசிரியர் அடித்துவிட்டார். தொடங்கக் கூடாதா? தமிழில் அதற்கு ‘அதேசமயம்’ சரியா, ‘மாறாக’ சரியா?

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

தாராளமாகத் தொடங்கலாம். மற்றப் பாதியும் அதே வாக்கியத்தில் வரவேண்டும், அவ்வளவுதான். பாதியிலேயே முற்றுப்புள்ளி வைத்திருப்பாய்.

அந்தச் சொல்லை நான் முதலில் பார்த்தது என் மாமா ஓசூரில் வாங்கிய மனையின் கிரயப் பத்திரத்தில். பத்திக்குப் பத்தி பெரிய எழுத்தில் வேர்ஆஸ். எழுத்துக் கூட்டிப் படித்த மாமா, “யாருப்பா இவன், எல்லா இடத்துலயும் நிக்கறான், பங்காளியா?” என்றார். பத்திரத்தில் அது வேறுபாடு காட்டும் சொல்லே இல்லை. ‘இன்னது இப்படி இருப்பதால்’ என்று முன்கதை சொல்வது.

சரி, தமிழுக்கு வருகிறேன். ‘அதேசமயம்’ கடிகாரம் பார்க்கும் சொல். ‘மாறாக’ முன்னால் ஒன்றை மறுத்த பிறகு வருவது: அவன் அழவில்லை, மாறாகச் சிரித்தான். இரண்டையும் விடு. அதியமான் ஆண்ட தகடூர் மண்ணில் (உங்கள் தர்மபுரியின் பழைய பெயர்) பிறந்துவிட்டு இதை என்னிடம் கேட்கிறாயே, அதுதான் எரிச்சல்.

அதியமானுக்காகத் தூது போன ஔவைக்கு, அவன் பகைவனான தொண்டைமான் தன் படைக்கொட்டிலை, ஆயுதங்கள் வைக்கும் இடத்தை, காட்டுகிறான். புறநானூறு 95. ‘இவ்வே’ (இவை, தொண்டைமானின் வேல்கள்) என்று தொடங்குகிறாள்: பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள அரண்மனையில் இருக்கின்றன. ‘அவ்வே’ (அவை, அதியமானின் வேல்கள்) என்கிறாள்: பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. நடுவில் ஓர் ‘ஆனால்’ உண்டா? நீ எழுதியிருந்தால் அங்கே ‘அதேசமயம் மறுபுறம்’ என்று ஒரு பாலம் கட்டியிருப்பாய். தொண்டைமான் கொட்டாவி விட்டிருப்பான். இரண்டு ஈட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள், அவனுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். இன்றைய கட்டுரைகளில் பாலம்தான் இருக்கிறது, இரண்டு பக்கமும் கரையைக் காணோம்.

என் அம்மாவும் ஔவை கட்சி. “பெரியவன் களி உருண்டைய அப்படியே முழுங்குவான். சின்னவன் சோறு கேப்பான்.” சின்னவன் நான். இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் துடுப்பை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்ப்பாள். எழுத்தில் அந்தப் பார்வை வராது என்பதால் ‘சின்னவனோ’ என்று ஓர் ஓகாரம் போட்டுக்கொள். அதற்கு மேல் வேண்டாம்.

கட்டுரையைத் திருத்தி அனுப்பு. அப்புறம், உங்கள் ஊர் மண்டியில் தக்காளி என்ன விலை போகிறது என்றும் ஒரு வரி எழுது.