இசை டீச்சர் பதில்கள்

கேள்வி: என் மகள் கீபோர்டில் எட்டாவது கிரேடு முடித்துவிட்டாள். ஜாஸ் பியானோ படிக்க அமெரிக்கா போகவேண்டும் என்கிறாள். அது அவர்கள் ஊர் இசையாயிற்றே, நம் பெண்ணுக்கு அதில் என்ன இடம் கிடைக்கும் டீச்சர்?
— ஒரு தாய், குடியாத்தம்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஜாஸ் பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷியின் நினைவு வந்தது அம்மா. 1929-இல் சீனாவின் மஞ்சூரியாவில் ஒரு ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்தவர். போரில் ஜப்பான் தோற்றதும், இருந்ததையெல்லாம் இழந்து குடும்பம் ஜப்பானில் பெப்பு என்ற ஊருக்கு வந்தது. வீட்டில் பியானோ கிடையாது. ஒரு நடனக் கூடத்தில் பியானோ வாசிக்க ஆள் தேவை என்று எழுதியிருந்ததைப் பார்த்து உள்ளே போனார். பியானோவைத் தொடக் கிடைக்குமே என்றுதான் அந்த வேலை. அங்கே ஒரு ரசிகர் டெடி வில்சன் என்ற அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞரின் இசைத்தட்டைப் போட்டுக் காட்ட, அன்றிலிருந்து ஜாஸ்தான். 1956-இல் உதவித்தொகையோடு பாஸ்டனில் பெர்க்லீ இசைப்பள்ளியில் சேர்ந்தார்.

போனவுடன் யாரும் மாலை போட்டுவிடவில்லை. கிமோனோ உடுத்திய பெண் ஜாஸ் பியானோ மேதை பட் பவல் மாதிரி வாசிக்கிறாளாமே என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். சாக்ஸபோன் கலைஞரான கணவர் லூ டபாக்கினோடு சேர்ந்து தனக்கென்று ஒரு பெரிய ஜாஸ் குழுவை லாஸ் ஏஞ்சலஸில் அமைத்தது 1973-இல். அமெரிக்கா போய்ப் பதினேழு வருடம் கழித்து! இதை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்தக் குழுவின் முதல் ஆல்பம் 'கோகுன்'. போர் முடிந்ததை நம்பாமல் பிலிப்பைன்ஸ் காட்டிலேயே ஏறக்குறைய 30 வருடம் ஒளிந்திருந்த ஜப்பானியச் சிப்பாயை நினைத்து எழுதியது. சாக்ஸபோன், ட்ரம்பெட் முழக்கத்துக்கு நடுவே, ஜப்பானின் 'நோ' என்ற பழைய கூத்தில் வரும் ட்சுசுமி கேட்கும். இடுப்பு சிறுத்த சின்ன மேளம். தோளில் வைத்து, ஒரு கையால் கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் மறு கையால் தட்டுவார்கள். நாதம் வளைந்து எழும்பும். முதல்முறை கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நம் உடுக்கையேதான்! வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும்போது உங்கள் ஊரில் பம்பையும் உடுக்கையும் அதிருமே, அந்த 'கும்' எங்கிருந்தோ வந்து ஜாஸுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் பலர் அந்தச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துகிறார்கள். எனக்கு மனசு வலிக்கும்.

அதனால், வருகிற வைகாசியில் உங்கள் மகளைப் பம்பைக்காரர் பக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். கையில் தாளம் போட்டு எண்ணட்டும், போனில் பதிவு செய்துகொள்ளட்டும். அப்புறம் அங்கே போனால் அவர்கள் இசையை அடியிலிருந்து கற்கட்டும். ஜாஸுக்கு வேரான ப்ளூஸ் இசை விரலில் ஏறாமல் உடுக்கையைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஒட்டாது. தோஷிகோ முதலில் பட் பவலைக் கரைத்துக் குடித்தவர்.

பேர், பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தோஷிகோ அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமிக்கு 14 முறை பரிந்துரைக்கப்பட்டார், ஒரு முறைகூட விருது வரவில்லை. முப்பது வருடம் நடத்திய குழுவை 2003-இல் நிறுத்தினார். அமெரிக்க அரசின் ஜாஸ் மாஸ்டர் கௌரவம் வந்தபோது வருடம் 2007. உதவித்தொகை கிடைத்தால் தைரியமாக அனுப்புங்கள். வீட்டை அடகு வைத்து மட்டும் வேண்டாம்.

கேள்வி: 61 கட்டை கீபோர்டிலேயே பியானோ கற்றுவிட முடியுமா?
— ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: இரண்டு, மூன்று கிரேடு வரை ஓட்டலாம். அதற்குமேல் கட்டை கனமாக இருக்கும் 88 கட்டை பியானோ வேண்டும், இல்லையென்றால் விரலுக்குப் பலம் வராது. வாங்க வசதியில்லை என்றால் பக்கத்துச் சர்ச்சில் கேட்டுப் பாருங்கள். நான் கற்றது அப்படித்தான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கொயர் மாஸ்டர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போவார்.