முள்ளெலி என்றொரு மரபணு

அன்புள்ள அக்கா,
மகள் தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மருத்துவம் வேண்டாம், ஒரு கரு எப்படி உடலாகிறது என்று மரபணு வழியாக ஆராயப் போகிறேன் என்கிறாள். உயிரியலில் மதிப்பெண்ணும் சுமார்தான். இதில் வேலை கிடைக்குமா? நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று ஆனபின் ஆய்வுக்கூடத்திலேயே கிடக்க முடியுமா?
— ஒரு தந்தை, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி,

வேலை கிடைக்கும். முனைவர் பட்டம் வரை படிக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். மதிப்பெண்ணை விடுங்கள்.

உங்கள் கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. பயோபொலிஸ் ஆய்வு வளாகமெல்லாம் வருவதற்கு முன்பே என் அக்கா இங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் வரிக்குதிரை மீன் வளர்த்தார். இந்தியாவில் ஓடையிலும் வயல் நீரிலும் திரிகிற, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன். காலையில் விளக்கு எரிந்ததும் முட்டையிடும். அதற்காக அக்கா முதல் ரயிலைப் பிடிப்பார். ஒருநாள் என்னையும் கூட்டிப்போய் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். முந்தாநாள் ஒற்றை உயிரணுவாக இருந்த கரு, கண்ணாடி மாதிரி உடம்போடு கிடந்தது. உள்ளே இதயம் துடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பேச்சே வரவில்லை.

அப்புறம் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. வேலையை விட்டார். விடு என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் யாரும் சொல்லவில்லை. அம்மா இருந்தார், அத்தான் இருந்தார், வேலையில்லாமல் நானும் இருந்தேன்.

கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியை உங்கள் மகள் அறிந்திருப்பாள். பள்ளியில் வீட்டுப்பாடம் செய்யாதவர், ஆங்கிலத்தில் தோற்கப் பார்த்தவர். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் சக ஆய்வாளர் எரிக் வீஷவுஸும் அவரும் ஒரே நுண்ணோக்கியில் எதிரெதிரே அமர்ந்து மரபணு கெட்ட பழ ஈக் கருக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கருவிலிருந்து வரும் புழுவின் உடலைக் கண்டம் கண்டமாக வகுக்கும் 15 மரபணுக்களை 1980இல் அறிவித்தார்கள். அதில் குறிப்பிட்ட ஒன்று கெட்டால் புழு முழுக்க முள்ளாகிவிடும். அதனால் முள்ளெலி என்றே அதற்குப் பெயர். அதன் உறவு மரபணு ஒன்றுதான் தாய் வயிற்றில் நம் கைவிரல்களை, கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை, வரிசைப்படுத்துகிறது. 1995இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. பழ ஈயை ஆராய்ந்த எட்வர்ட் லூயிஸும் அதைப் பகிர்ந்துகொண்டார்.

2004இல் அந்த அம்மையார் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். குழந்தை உள்ள இளம் பெண் விஞ்ஞானிகளுக்கு அது பணம் தருகிறது. கருவி வாங்க அல்ல தம்பி. வீட்டைச் சுத்தம் செய்ய, பிள்ளையைப் பார்க்க ஆள் வைத்துக்கொள்ள. எங்கள் வீட்டில் மூன்று பேருக்குப் புரியாதது அவருக்குப் புரிந்திருக்கிறது.

‘கிடக்க முடியுமா’ என்று என்னைக் கேட்கிறீர்களே, நான் எப்படிச் சொல்வது? அதற்குப் பதில் உங்கள் வீட்டில் இருக்கிறது. பேரப்பிள்ளைக்குப் பால் கலக்க உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

தேர்வு முடிந்ததும் மகளை அனுப்புங்கள். அக்கா தெம்பினிஸில்தான் இருக்கிறார். நான் கூட்டிப்போகிறேன்.